சத்தம் மாறினா எழுப்பு

எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, ஸ்டீயரிங்குக்கு முன்னால் தட்டையாக இருக்கும் இடத்தில் வைத்துவிட்டு, குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார் டிரைவர். லாரி நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது. தண்ணீரின் மேல் சின்னச் சின்ன வளையங்கள் எழுகின்றன. அவை சீராக நடுவில் வந்து கூடினால் எல்லாம் சரி. ஒரு பக்கமாகச் சரிந்து நடுங்கினால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது. விட்டுவிட்டுத் துள்ளினால் டீசல் ஒழுங்காக வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரைச் செருகிச் சொல்வதை இவர் டம்ளரைப் பார்த்தே சொல்லிவிடுவார். பார்த்து முடித்ததும் தண்ணீரைக் கீழே கொட்டமாட்டார், குடித்துவிடுவார்.

"மெஷின் ரிப்போர்ட் எழுதித் தரும் சார். அதைப் படிக்க ஒரு ஆள் வேணும். இது அப்படி இல்ல, மூஞ்சிக்கு நேரா சொல்லிடும்" என்பார்.

இந்தச் சரக்குக் கிடங்கின் வாசலில் லாரிகளை எடைபோடும் மேடைக்கு நான் பொறுப்பு. முப்பத்தோரு வருடமாக இதே அறை, இதே சன்னல், இதே நாற்காலி. நாற்காலியின் மெத்தை மட்டும் மூன்று முறை மாறியிருக்கிறது. டிரைவர்கள் என்னை 'மேடை சார்' என்பார்கள். டம்ளர் வைத்துப் பார்க்கும் இவரை முகத்துக்கு நேரே 'அண்ணே' என்றும், முதுகுக்குப் பின்னால் 'டம்ளர்க்காரர்' என்றும் சொல்வார்கள். இரண்டாவது பெயர் அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரியே இருந்துவிட்டார்.

வயது ஐம்பத்தொன்பது. சன்னல் பக்கத்துக் கை வெயிலில் காய்ந்து, அடுத்த கையைவிட இரண்டு பங்கு கறுத்திருக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு. செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட்டுத்தான் கேபினுக்குள் ஏறுவார். மற்றவர்களும் அப்படித்தான் ஏறவேண்டும். ஒருமுறை அதிகாரி ஒருவர் பூட்ஸ் காலோடு ஏறப்போக, "ஐயா, இது வீடு" என்று அவருடைய கணுக்காலைப் பிடித்து நிறுத்தினார். அதிகாரி பூட்ஸைக் கழற்றினார். சாக்ஸில் பெருவிரல் ஓட்டை இருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்துவிட்டோம்.

வரிசையில் நிற்பதில் அவரைப் போல் ஒரு கறார்ப் பேர்வழியை நான் கண்டதில்லை. எங்கள் வாசலில் சில நாள் இருபது லாரிகூட நிற்கும். நான் மைக்கில் எண்ணைக் கூப்பிட, ஒவ்வொன்றாக மேடை ஏறும். இவருடைய லாரிக்கும் முன்னால் நிற்கும் லாரிக்கும் இடையில் ஒரு மெலிந்த ஆள்கூட நுழைய முடியாது, அவ்வளவு ஒட்டி நிறுத்துவார். முன்வண்டி ஒரு சாண் நகர்ந்தால் இவர் ஒரு சாண் நகர்வார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, கொஞ்சம் முன்னால் போய்க்கொள்கிறேன் என்று ஒரு டிரைவர் கெஞ்சியபோது, தன் இடத்தை விடாமல் தன் போனை எடுத்துக் கொடுத்து, "வீட்டுக்குப் போட்டு என்ன ஏதுன்னு விசாரிப்பா, அதுக்குள்ள உன் முறை வந்துடும்" என்றார். இந்த வாசலில் அவர் யாருக்கும் இடம்விட்டு நான் பார்த்ததில்லை.

எஞ்சினை அணைப்பதும் அவருக்கு ஆகாது. இதில்தான் எனக்கும் அவருக்கும் தகராறு. வரிசையில் மூன்று மணி நேரம் நின்றாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். புகை நேராக என் அறைக்கு வரும். என் சன்னல் கண்ணாடியில் படிந்திருக்கும் கரியில் பாதி அவருடையது என்று நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். நிர்வாகம் ஒரு பலகை வைத்தது: 'நிற்கும் வண்டியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் எஞ்சின் ஓடக்கூடாது.' பலகையை ஆணியடித்து மாட்டியவன் நான்தான். அவர் அதை இரண்டு முறை உரக்கப் படித்தார். அன்றிலிருந்து நாலு நிமிடம் ஐம்பது நொடிக்கு எஞ்சினை அணைப்பார், ஒரு மூச்சு விட்டுவிட்டு மறுபடி போடுவார்.

"என்ன அண்ணே இது?" என்று கேட்டால், "இது புது அஞ்சு நிமிஷம் சார்" என்பார்.

அணைக்காததற்கு அவர் சொல்லும் காரணங்கள் எல்லாமே நியாயமானவைதான். வெயில் காலத்தில் அணைத்தால் பத்தே நிமிடத்தில் கேபின் அடுப்பாகிவிடும். குளிர் காலத்தில் போர்வைக்குள்ளும் பல் தந்தியடிக்கும். விளக்கும் குளிர்பெட்டியும் ஓடினால் விடிவதற்குள் பேட்டரி செத்துவிடும், பிறகு வண்டியைக் கிளப்ப இன்னொரு வண்டியின் தயவு வேண்டும். ஆனால், நெருங்கியவர்களிடம் மட்டும் நாலாவது காரணம் ஒன்றைச் சொல்வார். "அந்தச் சத்தம் இல்லாம தூக்கம் வராது சார். வீட்ல படுத்தாக்கூட ஃபேனை முழு வேகத்துல வெச்சுட்டுத்தான் படுக்கிறேன்."

போன வருடம் டிரைவர்களின் பேச்சில் 'குட்டி' என்று ஒரு புதுச் சொல் புழங்க ஆரம்பித்தது. பெரிய எஞ்சினை அணைத்துவிட்டால் கேபினுக்குக் குளிர்ச்சியோ சூடோ கொடுத்து, விளக்கெரித்து, பேட்டரியையும் ஏற்றிவைக்க, லாரியின் அடிச்சட்டத்தில் தனியாகப் பொருத்தும் ஒரு சின்ன எஞ்சின். ஒரு மரப்பெட்டி அளவுதான் இருக்கும். பெரிய எஞ்சின் நின்ற இடத்தில் குடிக்கும் டீசலில் இது நாலில் ஒரு பங்குகூடக் குடிக்காது என்றார்கள். பெரிய எஞ்சினின் ஆயுளும் கூடும் என்றார்கள். டீக்கடை பெஞ்சில் இதற்கு இரண்டு கட்சி உண்டானது. டம்ளர்க்காரர் எதிர்க்கட்சிக்குத் தலைவர்.

"ஒரு எஞ்சினைக் கட்டி மேய்க்கவே முழி பிதுங்குது. இதுல அதுக்கு ஒரு தம்பியா? அதுக்கும் ஆயில், அதுக்கும் பெல்ட்டு, அதுக்கும் ஃபில்டரு."

அப்படிப் பேசிக்கொண்டிருந்தவரை எட்டு மாதம் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது அவர் மனைவி சொன்ன ஒரு வார்த்தை. அந்த அம்மா ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். ஒரே மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள். வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய், பழையபடி என்னோடு வண்டியில் வா என்று இவர் கூப்பிட்டிருக்கிறார். இன்னும் மூன்று வருடம்தான் ஓட்டுவார், அதோடு லாரியை விற்றுவிடுவதாக எண்ணம். அந்த மூன்று வருடமும் மனைவி பக்கத்து இருக்கையில் இருக்க வேண்டும் என்பது இவருடைய ஆசை. இதை என்னிடம் சொன்னபோது ஐம்பத்தொன்பது வயது மனிதர் வெட்கப்பட்டார்.

"வர்றேன்னுட்டா சார். ஆனா கண்டிஷன் போடுறா. 'வண்டி நிக்கிறப்போ பெரிய எஞ்சின் ஓடக்கூடாது. அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. மூணு மாசம் வந்து பாக்கிறேன். படுத்தா தூக்கம் வரலேன்னா வீட்டுக்குப் போயிடுவேன், அப்புறம் கூப்பிடக் கூடாது'ன்னு சொல்றா. வயசாயிடுச்சு போல சார். அந்தக் காலத்துல அந்தச் சத்தத்துலதான் கட்டையாட்டம் தூங்குவா."

அந்தக் காலம் எனக்கும் தெரியும். கல்யாணமான புதிதில், மகள் பிறக்கும் வரைக்கும் ஆறு வருடம், இருவரும் லாரியிலேயே குடித்தனம் நடத்தினார்கள். அப்போது அவர் ஓட்டியது மூக்கு நீண்ட பழைய லாரி. எடைபோடும்போது கேபினில் ஆள் இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் வந்தபோதெல்லாம் அந்த அம்மா இறங்கி என் சன்னலோரம் வந்து நிற்பார். அவருடைய ஸ்வெட்டரில் கையெல்லாம் நூல் பிரிந்து தொங்கும். காலை ஒன்பது மணிக்குக்கூடக் கொட்டாவி விடுவார், கொட்டாவியை மறைக்கச் சன்னல் கம்பியில் எழுதியிருப்பதைப் படிப்பது போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். கம்பியில் எதுவும் எழுதியிருக்காது. சரியான தூக்கப்பிராணி என்று நானும் நினைத்திருக்கிறேன்.

டம்ளர்க்காரருக்கோ அது பெருமை. "படுத்தா தூங்குவா. வண்டி கிளம்பினா அதைவிட ஜோராத் தூங்குவா. ஊரு விட்டு ஊரு போறோம், ஆறு வருது, பாலம் வருது, ஒண்ணையும் பாக்கமாட்டா. தூங்குமூஞ்சின்னுதான் கூப்பிடுவேன்." இதைச் சொல்லிவிட்டு உடனே மலைக் கதைக்குப் போவார். எனக்கு அது மனப்பாடம். உச்சியில் பனி கொட்டும் ஓர் இடத்தில், எஞ்சினை ஓடவிட்டுவிட்டு இருவரும் படுத்திருக்கிறார்கள். அந்த அம்மா இவரை உலுக்கி எழுப்பி, "சத்தம் வேற மாதிரி இருக்குங்க" என்கிறார். இறங்கிப் பார்த்தால் ஆயில் பைப் விரிசல்விட்டு ஆயில் எல்லாம் பனியில் கறுப்பாக ஓடுகிறது. இன்னும் கால்மணி போயிருந்தால் எஞ்சின் இறுகிப்போயிருக்கும், அந்தக் குளிரில் இவர்களும் விறைத்திருப்பார்கள். "இடி விழுந்தாலும் எழாதவ, அன்னிக்கி மட்டும் எப்படியோ முழிச்சுட்டா. நம்ம நேரம் நல்லா இருந்துச்சு" என்று கதையை முடிப்பார்.  அந்த ஆறு வருடத்தைப் பற்றிப் பேசினால் சட்டைப் பையிலிருக்கும் சாக்பீஸை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே இருப்பார்.

ஆக, குட்டி வேண்டுமா வேண்டாமா? லாரியின் இடதுபுறம் அடிச்சட்டத்தில் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. பழைய லாரியிலிருந்து கழற்றி அடுத்ததுக்கு, அதிலிருந்து கழற்றி இதற்கு என்று மூன்று லாரி பார்த்த பெட்டி. ஸ்பானர்களோடு இரண்டு மடக்கு ஸ்டூல்கள் உள்ளே இருக்கும். ஒன்று துணி கிழிந்து, மறுதுணி தைத்து, அதுவும் கிழிந்தது. மற்றது புதுக்கருக்கு மாறாதது. இருபத்தைந்து வருடமாக அதை விரிக்க ஆளில்லை. அந்தப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் சாக்பீஸால் கோடு கிழித்து, ஒரு பக்கம் 'வேணும்', மறுபக்கம் 'வேணாம்' என்று எழுதிக்கொண்டு வந்தார். எட்டு மாதத்தில் எத்தனை முறை அழித்து எழுதினாரோ தெரியாது.

விலையைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. அதை அவரே முதல் வாரத்தில் அழித்துவிட்டார். மூன்று வருடத்தில் போட்டது திரும்பி வருமா வராதா என்று மற்ற டிரைவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள், எந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை. வேணாம் பக்கத்தில் நிலையாக இருந்தவை மூன்று. ஒன்று, குட்டியின் எடை. இருநூறு கிலோவுக்கு மேல். அதற்குத் தக்கபடி சரக்கைக் குறைக்க வேண்டும், எடை கூடினால் இந்த மேடையில் இந்த நானே அவரை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். இரண்டு, இடம். அடிச்சட்டத்தில் குட்டிக்கு இருக்கும் ஒரே இடம் அந்தப் பெட்டியின் இடம்தான். மூன்றாவதை அவர் இப்படி எழுதியிருந்தார்: 'அவ தூங்கமாட்டா.'

வேணும் பக்கத்தில் கடைசி வரை ஒரே ஒரு வரிதான் நின்றது: 'வருவா.'

இந்த இரண்டு வரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. எங்கள் வாசலுக்கு எதிரிலேயே வண்டி ஏசி மெக்கானிக் ஒருவருடைய ஷெட் இருக்கிறது. "அங்க ஒரு வண்டியில குட்டி மாட்டியிருக்காங்க. அக்காவையே வரச் சொல்லுங்க. படுத்துப் பாக்கட்டும்" என்று சொன்னேன். அடுத்த வாரம் ஒரு மத்தியான வேளையில் அந்த அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் தன் வீட்டுத் தலையணை. தலைமுடி நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தார், மற்றபடி சன்னலோரம் நின்ற அதே ஆள். என்னைப் பார்த்து, "இன்னும் இதே நாற்காலியா?" என்று கேட்டார். எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. அறையைப் பூட்டிக்கொண்டு நானும் கூடப் போனேன், சாப்பாட்டு நேரம்தானே.

அந்த வண்டியின் கேபினில் பின்பக்கப் படுக்கையில் அந்த அம்மா தலையணையைப் போட்டுப் படுத்துக்கொண்டார். மெக்கானிக் பெரிய எஞ்சினை அணைத்துவிட்டுக் குட்டியைக் கிளப்பினார். கீழே எங்கோ தையல் மெஷின் ஓடுவது போல மெலிதாக ஒரு சத்தம், மேலிருந்து குளிர்காற்று. டம்ளர்க்காரர் கையோடு கொண்டுவந்த டம்ளரில் தண்ணீர் ஊற்றி முன்னால் வைத்தார். தண்ணீர் அசையவே இல்லை. அவர் முகம் தொங்கிப்போனது.

"இதுல ஆட்டமே இல்லையேப்பா. அவளுக்கு இது சரிப்படாது. பெரிய எஞ்சின் ஆட்டுனாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும். ஆறு வருஷம் பக்கத்துல இருந்து பாத்தவன் நான்" என்றார் மெக்கானிக்கிடம்.

"யாருக்கு?" என்று படுக்கையிலிருந்து குரல் வந்தது.

"உனக்குத்தான். படுத்தா கட்டையாட்டம் கிடப்பியே."

"கிடந்தேன். தூங்கினேன்னு யார் சொன்னது?"

அவர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "நிக்கிற வண்டியில நான் ஒரு நாள்கூடத் தூங்கினதில்லைங்க. ஓடுறப்போ தூங்குவேன். நின்னா முழிச்சுக்குவேன்."

"ஏன்மா?"

"நீங்கதானே சொன்னீங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"மொத நாள். 'எஞ்சின் ஓடிட்டே இருக்கும், பயப்படாதே. சத்தம் மாறினா மட்டும் என்னை எழுப்பு'ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தீங்க. அடுத்த நிமிஷம் குறட்டை. சத்தம் மாறினா எழுப்பணும்னா, மாறுதான்னு யாராவது கேட்டுக்கிட்டு இருக்கணும் இல்ல?"

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரை ஓசைப்படாமல் கீழே வைத்தார்.  "நான் அதை ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பேன்மா" என்றார் டம்ளர்க்காரர்.

"எனக்கு அப்போ இருபத்திரண்டு வயசு. வண்டியப் பத்தி நான் என்னத்தக் கண்டேன்? எது பேச்சுக்கு, எது நிஜத்துக்குன்னு எப்படித் தெரியும்? அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

"அப்போ அந்த மலையில..."

"முழிச்சுட்டுத்தான் இருந்தேன். தற்செயலா எழுந்தேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்க. சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"என்னத்தச் சொல்றது? ஓட்டுறவர் தூங்கணும். நான் பகல்ல தூங்கிக்கலாம்" என்றார் அந்த அம்மா. அதில் குறை சொல்லும் தொனியே இல்லை. சலவைக்கு வந்த போர்வைகளை எண்ணிச் சொல்பவரைப் போலத்தான் சொன்னார்.

ஆறு வருடம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே, அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் காவல் இருந்திருக்கிறார். பக்கத்தில் படுத்திருந்தவருக்கும் தெரியவில்லை, காலையில் கொட்டாவியைப் பார்த்த எனக்கும் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. டம்ளர்க்காரர் டம்ளரை எடுத்தார், எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தார், பிறகு மடமடவென்று குடித்துவிட்டார்.

"பெட்டியைக் கழட்டினா இடம் பத்துமா?" என்று மெக்கானிக்கைக் கேட்டார்.

பெட்டி இப்போது என் அறை மூலையில் கிடக்கிறது. ஸ்டூல் இரண்டும் கேபினுக்குள் போய்விட்டன. குட்டி மாட்டிய பிறகு முதல்முறை மேடை ஏறியபோது, பெட்டி போனதைக் கழித்தும், வண்டியின் எடை இருநூற்றுப் பத்து கிலோ கூடியிருந்தது. அந்த அம்மா விதிப்படி இறங்கி வந்து சன்னலோரம் நின்றார். கொட்டாவி விட்டார். எனக்குச் சுருக்கென்றது.

"தூக்கம் வரலையாக்கா?"

"பழக்கம் போகமாட்டேங்குது. அந்தக் குட்டி சத்தத்தையும் காது தானா போய்க் கேக்குது."

ஒரு மாதம் இப்படியே போயிற்று. டம்ளர்க்காரர் பாதியாக இளைத்துவிட்டார். "இப்போ எனக்குத் தெரியுது சார், கண்ணை மூடிட்டு முழிச்சுட்டுத்தான் கிடக்கிறான்னு. மூச்சு விடறதுலயே தெரியுது. அப்போ எப்படித் தெரியாமப் போச்சுன்னுதான் தெரியல. நேத்து நான் சொன்னேன், 'நீ தூங்கும்மா, இன்னிக்கி நான் கேட்டுக்கிறேன்'னு. நான் தூங்கிடுவேனோன்னு அவ முழிச்சுட்டு இருக்கா, அவ தூங்கலையேன்னு நான் முழிச்சுட்டு இருக்கேன். ரெண்டு பேரும் விடிய விடிய அந்தக் குட்டிக்குக் காவல்."

மறுபடி மெக்கானிக்கிடம் போனார்கள். குட்டியில் கோளாறு வந்தால் அதுவே தன்னை நிறுத்திக்கொண்டு கேபினில் மணி அடிக்கும் என்று அவர் விளக்கினார். ஒரு வயரைப் பிடுங்கியும் காட்டினார். குட்டி நின்றது, மணி அலறியது. "பாத்தீங்களா அக்கா? இனிமே நீங்க முழிச்சிருக்கவே வேணாம். அதுவே எழுப்பிடும்."

அந்த அம்மா யோசித்தார். "சரி, அது தூங்கிட்டா?" என்று கேட்டார்.

மெக்கானிக் பிடுங்கிய வயரை மறுபடி செருகினார். இரண்டாவது மாதமும் போயிற்று. குட்டி எப்படி, போட்டதுக்குப் பிரயோஜனம் உண்டா என்று டீக்கடையில் எல்லோரும் அவரை மொய்த்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர் கட்சி மாறியதால் பலருக்கும் அவருடைய தீர்ப்பு வேண்டியிருந்தது. டீசல் மிச்சமாகிறதா? ஆகிறது. கேபின் குளிர்கிறதா? குளிர்கிறது. புகை? என் சன்னலைக் கேளுங்கள், நான் சொல்கிறேன். அப்படியானால் வாங்கலாமா? "பாக்கலாம்ப்பா" என்று எழுந்துவிடுவார். மூன்றாவது மாதத்தில் அந்தப் 'பாக்கலாம்'கூட வரவில்லை, வெறும் தலையாட்டல்தான். சொன்ன கெடு முடிய ஒன்பது நாள் இருக்கிறது என்று என்னிடம் மட்டும் சொன்னார். சொன்னதைச் செய்கிற மனுஷி என்பதும் எனக்குத் தெரியும். பக்கத்து இருக்கை மறுபடி காலியாகிவிடும் என்ற பயம் அவர் முகத்தில் எழுதியிருந்தது. எனக்கும் மனசு கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். நல்ல வெயில், வரிசையில் பதினோரு லாரிகள். இவருடையது நாலாவது. மூன்றாவது லாரி மேடையிலிருந்து இறங்கியதும் இவருடைய எண்ணை மைக்கில் கூப்பிட்டேன். வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அவருக்கு முன்னால் இரண்டு லாரி நீளத்துக்கு இடம் வெறிச்சென்று கிடந்தது. முப்பத்தோரு வருடத்தில் அப்படி ஓர் இடைவெளியை நான் அவருக்கு முன்னால் பார்த்ததில்லை. மாரடைப்போ என்னவோ என்று பதறி, மைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

கேபினின் நிழலில், படிக்கட்டை ஒட்டி, கிழிந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புது ஸ்டூல் விரித்தபடி காலியாக இருந்தது. அதன் மேல் ஒரு டம்ளர் தண்ணீர். பெரிய எஞ்சின் ஓடவில்லை, குட்டி மட்டும் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. படியில் ஏறி, கேபினின் கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். படுக்கையின் திரை பாதி விலகியிருந்தது. தலையணையின் ஒரு முனையும், போர்வைக்கு வெளியே நீண்ட ஒரு பாதமும் தெரிந்தன. அந்தப் பாதம் அசையவில்லை. குட்டியின் முனகலுக்கு மேலே, உள்ளிருந்து ஒரு குறட்டை கேட்டது.

வண்டி நின்றுகொண்டிருந்தது. அந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க முறை" என்று வாயெடுத்தேன். அவர் உதட்டில் விரலை வைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. பின்னால் நின்ற லாரிக்காரர் பொறுமையிழந்து ஹாரனில் கை வைக்கப்போவதைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தார். செருப்புக்கூடப் போடாமல், சுடுகிற சிமெண்டுத் தரையில் நுனிக்காலில் ஓடிப்போய் இரண்டு கையையும் ஆட்டி அவரைத் தடுத்தார். பிறகு ஓர் ஓரமாக ஒதுங்கி நின்று, தன் லாரியைத் தாண்டி முன்னால் போகும்படி அவருக்குக் கையை வீசினார். அது போனதும் அடுத்ததற்கும் வீசினார்.